கட்டி என்றதும் கலங்கலாமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு



இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு ஆசிரியை எங்களிடம் கூறியபோது, விண்வெளியைப் பற்றி எழுதுவோமா, சூரிய மின்சாரத்தைப் பற்றி எழுதுவோமா என்று முதலில் எண்ணினோம். ஆனால் எங்கள் வகுப்பிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி எங்களை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டது. அதை மறைக்காமல் முதலில் கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தோழி ஒருத்தி நான்கு நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவள் மதிய உணவு டப்பாவைத் திறக்கவே இல்லை. அவளுடைய அம்மாவுக்கு வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தார்களாம். வலிக்குக் காரணம் பித்தப்பையில் இருந்த கல். ஆனால் அதே ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டியும் தெரிந்ததாம். இவ்வளவுதான் அவள் சொன்னாள். மாலை மணி அடிப்பதற்குள், ‘அவள் அம்மாவுக்குப் புற்றுநோயாம்’ என்ற செய்தி வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. அவள் சொல்லாத அந்தச் சொல்லைச் சேர்த்தவர்கள் நாங்களேதாம்.

பத்து நாள்கள் கழித்து அவள் ஒரு தாளை எடுத்து வந்து எங்கள் முன் வைத்தாள். சி.டி. ஸ்கேன் அறிக்கை அது. அதில் ‘ஆஞ்சியோமயோலைப்போமா, 2.4 செ.மீ.’ என்றும், பக்கத்தில் ‘மைனஸ் 58’ என்றும் எழுதியிருந்தது. “இது புற்றுநோய் இல்லையாம். அறுவை சிகிச்சையும் வேண்டாமாம். இந்த மைனஸ் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் சொன்னார்” என்று கூறிவிட்டு, எங்களைத் திரும்பிப் பாராமல் தன் இடத்தில் போய் அமர்ந்தாள்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது, வியப்பாகவும் இருந்தது. உடலை அறுக்காமல், கட்டியைத் தொடாமல், ஓர் எண்ணை வைத்து ‘இது கெட்டதன்று’ என்று எப்படிக் கூற முடியும்? இதை அறிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். எங்கள் பள்ளியின் பழைய மாணவியான கதிரியக்க மருத்துவர் ஒருவர் அறிவியல் மன்றத்திற்கு வந்தபோது கேள்விகள் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். அவ்வாறு நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சிறுநீரகமும் இரத்தமும்

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் அடியில், அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளம், நம் கைப்பிடி அளவுதான். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேல், இவ்விரண்டின் வழியாகவே பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவ்வளவு இரத்தம் ஓடும் உறுப்பில் இரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று பொருள் சேர்ந்த கட்டி

ஆஞ்சியோமயோலைப்போமா என்ற பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். கிரேக்கச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பொருள் எளிது. ‘ஆஞ்சியோ’ என்றால் குழாய்; ‘மயோ’ என்றால் தசை; ‘லைப்போ’ என்றால் கொழுப்பு; ‘ஓமா’ என்றால் கட்டி. இரத்தக்குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்து வளர்ந்த கட்டி என்பதே அதன் பொருள். இது பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. புற்றுநோயைப் போல உடலின் பிற இடங்களுக்குப் பரவுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம், அதிலும் நடுவயதுப் பெண்களிடம், அதிகமாகக் காணப்படுகிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. எங்கள் தோழியின் அம்மாவுக்கு நேர்ந்ததைப் போல, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவருகிறது.

சிலருக்கு மட்டும் இது பிறவியிலேயே வரும் ஒரு மரபணுக் கோளாற்றின் பகுதியாக வருகிறது. ‘டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ்’ என்னும் அந்நோயை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பூர்ன்வில் விளக்கினார். இந்நோய் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தோலில் வெளிறிய திட்டுகள் இருக்கலாம். வளர வளர இரண்டு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் தோன்றலாம். இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்நோயோடு சேர்ந்து வருவது. மற்றவை தனித்து வருபவை.

தீங்கற்றதிலும் ஓர் ஆபத்து

‘தீங்கற்றது’ என்றால் பயமே இல்லை என்று பொருளா? இல்லை. இக்கட்டியில் உள்ள இரத்தக்குழாய்கள் இயல்பான குழாய்கள் அல்ல. நல்ல குழாயின் சுவரில் ரப்பரைப் போல விரிந்து சுருங்கும் இழைகள் இருக்கும். இக்கட்டியின் குழாய்களில் அவ்விழைகள் குறைவு. ஆகவே பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைப்பதைப் போல அவை புடைத்துக்கொள்ளும். சில வேளைகளில் வெடித்தும்விடும். அப்போது விலாப்புறத்தில் திடீரென்று கடும் வலி தோன்றும். உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்து வரலாம்.

அடிபடாமலே சிறுநீரகத்தைச் சுற்றி இவ்வாறு இரத்தம் கசிவதை 1856-இல் விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ். இவரை நாம் முன்பே அறிவோம் என்றால் நம்புவீர்களா? காய்ச்சலின்போது வெப்பமானி வைத்துப் பார்க்கும் வழக்கத்தை மருத்துவத்தில் நிலைநாட்டி, மனித உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று 1868-இல் எழுதியவரும் இவரே.

எனவே மருத்துவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஒன்று, இது புற்றுநோயா, அல்லவா? இரண்டு, புற்றுநோய் அல்ல என்றால், இரத்தம் கசியும் நிலையில் இருக்கிறதா? இக்காலத்துக் கருவிகள் வருவதற்கு முன் இவற்றுக்கு விடை காண்பது அரிதாக இருந்தது. சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீரகத்தில் ஒரு புடைப்பு தெரியும். அது எதனால் ஆனது என்று தெரியாது. புற்றுநோயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடுவார்கள். எடுத்த பின் நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்பும் தசையும் குழாயும் தெரியும். ஆனால் எடுத்த சிறுநீரகத்தைத் திரும்ப வைக்க முடியுமா?

எதிரொலி காட்டும் வெண்புள்ளி

முதற்கருவி அல்ட்ராசவுண்ட். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். இக்கருவியோ நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. இருட்டில் வௌவால் எதிரொலியைக் கொண்டு வழி அறிவதைப் போல, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு இக்கருவி படம் வரைகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு வழி திறந்தது.

ஒரு பொருளிலிருந்து வேறு பொருளுக்கு மாறும் எல்லையில்தான் ஒலி எதிரொலிக்கிறது. கொழுப்பும் தசையும் குழாயும் கலந்து கிடக்கும் இக்கட்டியில் எல்லைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே சாம்பல் நிறச் சிறுநீரகத்தின் நடுவே, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வைத்த புள்ளியைப் போல இது வெள்ளையாகத் தெரிகிறது. வலியில்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு.

ஆயினும் இங்கு ஒரு குறை உண்டு. 3 செ.மீ.க்குக் குறைவான சிறுநீரகப் புற்றுக்கட்டிகளிலும் சில இதே போல வெள்ளையாகத் தெரியும். ஆகவே வெண்புள்ளியைக் கண்டு ‘இது தீங்கற்றதே’ என்று உறுதி கூற முடியாது. ‘புற்றுநோயே’ என்று கூறவும் முடியாது. எங்கள் தோழியின் வீட்டார் பத்து நாள்கள் தூங்காமல் கழித்தது இந்த இடத்தில்தான். டாக்டர் எதையும் சொல்லாமல் அடுத்த சோதனைக்கு எழுதிக் கொடுத்ததை அவர்கள் கெட்ட சகுனமாக எண்ணினார்கள். உண்மையில் அது நேர்மை. தெரியாததைத் தெரியாது என்று அவர் நிறுத்திக்கொண்டார். நாங்கள்தாம் நிறுத்திக்கொள்ளவில்லை.

உண்மை சொன்ன எண்

இப்போது அந்த மைனஸ் 58-க்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1919-இல் பிறந்து ஒரு கிராமத்துப் பண்ணையில் வளர்ந்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. சிறுவனாக இருந்தபோது வைக்கோற்போர் மீதேறி, தானே செய்த சிறகுகளோடு குதித்துப் பறக்க முயன்றவர். பின்னாளில், நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளரானார். பல திசைகளிலிருந்து கதிர்களைச் செலுத்தி, எவ்வளவு உள்ளே தடுக்கப்பட்டது என்று கணக்கிட்டால், ஒரு பொருளின் உட்புறத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுக்க முடியும் என்று அவர் கருதினார். அவருடைய முதற்சோதனையில் ஒரு படத்துக்கு வேண்டிய அளவுகளைச் சேர்க்கவே ஒன்பது நாள்கள் பிடித்தன! 1971 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனில் மூளைக்கட்டி இருப்பதாக ஐயுற்ற ஒரு பெண்மணிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இதற்கான கணிதத்தைத் தனியே ஆராய்ந்து 1963-இலும் 1964-இலும் வெளியிட்டவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக். இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்றே பெயர். நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. நீரைவிட அதிகமாக எக்ஸ் கதிரைத் தடுப்பவை மிகை எண் பெறும். குறைவாகத் தடுப்பவை குறை எண் பெறும். தசை முதலிய மென்மையான பகுதிகள் 30 முதல் 60 வரை வரும். கெட்டியான எலும்பு பல நூறுகளைத் தாண்டும்.

கொழுப்புக்கு என்ன எண்? மோரைக் கடையும்போது வெண்ணெய் மேலே மிதப்பதையும், குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே அது எக்ஸ் கதிரையும் நீரைவிடக் குறைவாகவே தடுக்கிறது. குறை எண் பெறுகிறது. மைனஸ் 58 என்றால், நீரைவிட ஆயிரத்தில் 58 பங்கு குறைவாகத் தடுக்கிறது என்று பொருள். சிறுநீரகப் புற்றுக்கட்டியில் இத்தகைய கொழுப்பு தெரிவது மிகமிக அரிது. ஆகவே சாயமருந்து செலுத்தாமல், மெல்லிய துண்டுகளாக எடுத்த படத்தில், கட்டிக்குள் ஓரிடத்திலாவது மைனஸ் 10-க்குக் கீழான எண் தெளிவாகக் கிடைத்தால், ‘இது ஆஞ்சியோமயோலைப்போமா’ என்று மருத்துவர்கள் பெரும்பாலும் உறுதி செய்துவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் குறை எண்களைப் படித்தபோது, ‘இல்லாததற்கும் கீழே ஓர் எண்ணா? இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேலி செய்தவர்கள் நாங்கள். ஒரு குறை எண் எங்கள் தோழியின் தாயாருடைய சிறுநீரகத்தைக் காத்திருக்கிறது!

காந்தமும் கறுப்புக் கோடும்

மூன்றாவது கருவி எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ் கதிர் இல்லை. வலிமையான காந்தமும் ரேடியோ அலைகளும் உண்டு. பால் லாட்டர்பர் 1973-இல் இம்முறையில் முதற்படத்தை வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் உடலில் உள்ள ஹைட்ரஜன் காந்தப்புலத்தில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ரேடியோ அலையை வெளியிடுகிறது. நீரில் உள்ள ஹைட்ரஜனின் சுருதியும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனின் சுருதியும் சிறிதளவு வேறுபடுகின்றன. வீணையில் ஒரு தந்தியை மட்டும் விரலால் அமுக்குவதைப் போல, கொழுப்பின் சுருதியை மட்டும் அமுக்கிவிட்டு மறுபடியும் படம் எடுப்பார்கள். முன்பு வெளுப்பாக இருந்த இடம் இப்போது கறுத்துவிட்டால் அங்கே கொழுப்பு உண்டு என்பது உறுதி. மற்றொரு வகைப் படத்தில், கொழுப்பும் நீரும் சந்திக்கும் எல்லையில் மையால் வரைந்ததைப் போலக் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். மருத்துவர்கள் அதை ‘இந்தியா இங்க்’ கோடு என்றே அழைக்கிறார்கள். டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் உள்ளவர்களுக்குச் சிறு வயது முதல் வாழ்நாள் முழுவதும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை படம் எடுக்க வேண்டியிருப்பதால், கதிர்வீச்சு இல்லாத இம்முறையே அவர்களுக்கு ஏற்றது.

கருவியும் தடுமாறும் இடம்

இவ்வளவு கூறியபின், கருவிகள் எல்லாம் அறியும் என்று எண்ணிவிடக் கூடாது. சில ஆஞ்சியோமயோலைப்போமாக்களில் கொழுப்பு மிகக் குறைவு, படத்தில் தெரிவதில்லை. வெறும் இரத்தக்குழாய்களால் மட்டுமே ஆன ‘ஹீமாஞ்சியோமா’ என்னும் தீங்கற்ற கட்டியும் சிறுநீரகத்தில் அரிதாக வருவதுண்டு. அது சிறுநீரில் இரத்தம் கலந்து வரச் செய்யும்; கொழுப்பு இல்லாததால் படத்தில் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தறிவது கடினம். கட்டிக்குள் சுண்ணாம்புச்சத்து படிந்திருந்தாலும் மருத்துவர்கள் ஐயம் கொள்கிறார்கள். ஏனெனில் ஆஞ்சியோமயோலைப்போமாவில் அது அரிது. இக்கட்டியிலேயே புற்றாக மாறக்கூடிய அரிய வகை ஒன்றும் உண்டு. இத்தகைய நேரங்களில் மெல்லிய ஊசியால் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

கண்டபின் செய்வது என்ன?

சிறிய கட்டி, தொல்லை இல்லை என்றால் ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதே போதும். 4 செ.மீ.க்கு மேற்பட்டால் சிகிச்சை வேண்டும் என்பது முன்பு பொதுவான வழக்கம். இன்று அளவு ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. கட்டிக்குள் குழாய் 5 மி.மீ. அளவுக்குப் புடைத்திருக்கிறதா, வேகமாக வளர்கிறதா, அப்பெண் கருவுறும் வயதில் இருக்கிறாரா என்பவற்றையும் பார்க்கிறார்கள். கருவுற்ற காலத்தில் இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம்.

இரத்தம் கசிந்தால் என்ன செய்வது? இங்கே படம் எடுப்பதும் சிகிச்சையும் ஒன்றாகிவிடுகின்றன. தொடையின் மேற்புறத்தில் ஓர் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அதைச் சிறுநீரகம் வரை கொண்டுபோகிறார்கள். சாயமருந்தைச் செலுத்தியதும் கட்டியின் கோணல்மாணலான குழாய்கள் திரையில் தெரிகின்றன. உடனே நுண்துகள்களையோ சிறு கம்பிச் சுருளையோ அனுப்பி அக்குழாயை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். வயலில் உடைந்த ஒரு வாய்க்காலை மட்டும் மண்ணிட்டு அடைப்பதைப் போன்ற வேலை இது. சிறுநீரகத்தின் மற்றப் பகுதி பிழைத்துக்கொள்கிறது.

டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் உள்ளவர்களின் கட்டிகளுக்கு எவரோலிமஸ் என்ற மருந்தை 2012-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஈஸ்டர் தீவில் எடுத்த ஒரு பிடி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்தின் வழித்தோன்றல் அது. ஆய்வில் அம்மருந்தை உண்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் கட்டிகளின் கன அளவு பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியது. சுருங்கியதை அளந்து காட்டியவையும் இந்தப் படங்களே.

முடிவுரை

எங்கள் தோழியின் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தை யாரும் தொடவில்லை. இவ்வாண்டு மீண்டும் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கட்டி அதே 2.4 செ.மீ.தான்.

இக்கட்டுரையை எழுதுமுன் அனுமதி கேட்பதற்காக அவள் வீட்டிற்குச் சென்றோம். நாங்கள் பரப்பிய செய்தியைப் பற்றியும் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவளுடைய அம்மா முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். “எழுதுங்கம்மா, நல்லா எழுதுங்க. எனக்குப் படம் எடுக்கிற வரைக்கும் இருந்த பயம்கூடப் பெரிசில்ல. எம்பொண்ணு ஸ்கூல்ல இருந்து அழுதுகிட்டு வந்தாளே, அதுதான் தாங்கல” என்றார்கள். எங்களால் முறுக்கைக் கடிக்க முடியவில்லை.

தோழியரே! கட்டி என்பது ஒரு கேள்வி. அதுவே விடை அன்று. ஒன்பது நாள்கள் காத்திருந்து ஒரு படம் எடுத்தவர் இருந்தார். ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்று சொல்லிப் பொறுத்திருந்த மருத்துவரும் இருந்தார். ஒரு மாலைப் பொழுதுகூடப் பொறுக்காதவர்கள் நாங்கள். இனி ஒருத்தி வந்து, ‘அம்மாவுக்குக் கட்டியாம்’ என்று சொன்னால், அவள் பக்கத்தில் அமர்ந்து, “படம் எடுத்தார்களா? என்ன சொன்னார்கள்?” என்று கேட்போம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டோம்.

அத்தோழி இப்போது எங்களோடுதான் மதிய உணவு உண்கிறாள். இக்கட்டுரையில் குறை எண் பற்றிய பகுதியைத் திருத்திக் கொடுத்ததும் அவளே.